ஆங்கில வினைச்சொல்லும் நம் கல்லாப்பெட்டியும்



நம் கடைகளுக்கு வரும் காகிதங்களில் பெரும்பகுதி இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. கம்பெனியின் ஏஜென்சி ஒப்பந்தம், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், லாரி ஆபீஸ் ரசீது, வக்கீல் நோட்டீஸ், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வந்து உட்காரும் அறிவிப்பு என்று எதை எடுத்தாலும் அப்படியே. இவற்றைக் கையில் வாங்கியதும் நம் கண் எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். முதலில் தொகை. அடுத்து தேதி. பிறகு கையெழுத்துப் போட்டவர் யார் என்பது. நடுவில் இருக்கும் வாக்கியங்களை 'ஏதோ எழுதியிருக்கிறான்' என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் அந்தத் தொகையை யார் கட்ட வேண்டும், கட்டியாகிவிட்டதா, கட்டியே தீர வேண்டுமா, கட்டினால் நல்லது என்ற அளவில்தானா என்பதெல்லாம் தொகையிலும் தேதியிலும் இல்லை. வினைச்சொல்லில் இருக்கிறது. அதிலும், வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு துணைச்சொல்லில் இருக்கிறது.

நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், இலக்கண ஆசிரியன் அல்லன். மண்டியில் உட்கார்ந்து இத்தகைய காகிதங்களைப் பல ஆண்டுகள் படித்துப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டம் பற்றி வரும் இடங்களில், சொந்த வழக்கென்று ஒன்று இருந்தால் வக்கீலைக் கேட்டுக்கொள்ளவும்.

காலம் காட்டும் சொற்கள்

தமிழில் நாம் காலத்தைக் கொஞ்சம் தாராளமாகவே புழங்குகிறோம். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துகொண்டே போனில் 'இதோ வந்துட்டேன்' என்கிறோம். லாரியில் பாதி மூட்டைகூட ஏறியிருக்காது, 'சரக்கு கிளம்பிடுச்சு அண்ணாச்சி' என்கிறோம். எதிர்முனையில் இருப்பவருக்கும் அதன் பொருள் தெரியும்; அவரும் நேற்று இப்படித்தான் சொன்னார். ஆனால் இதையே ஆங்கிலத்தில் 'தி கூட்ஸ் ஹாவ் பீன் டெஸ்பாட்ச்டு' என்று எழுதி அனுப்பினால், சரக்கு நம் கையை விட்டுப் போய்விட்டது என்று நாமே எழுத்தில் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. நாளைக்கு லாரி ரசீதின் தேதி வேறாக இருந்தால் கேள்வி நம்மிடம்தான் வரும். ஏற்றிக்கொண்டிருந்தால் 'ஆர் பீயிங் லோடட்', நாளைக்கு அனுப்புவதானால் 'வில் பி டெஸ்பாட்ச்டு'. இரண்டில் உண்மை எதுவோ அதை எழுதுவது நல்லது.

'பே' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். நம் தொழிலுக்கு இதைவிட வேண்டிய வினை வேறில்லை.

'வீ பே ஆன் தி டென்த்' என்று ஒரு பார்ட்டி எழுதினால், மாதாமாதம் பத்தாம் தேதி பணம் கொடுப்பது எங்கள் வழக்கம் என்று பொருள். உங்கள் பில்லுக்கு இந்தப் பத்தாம் தேதி பணம் வரும் என்று அவர் சொல்லவில்லை. 'வீ ஆர் பேயிங்' என்றால் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அல்லது சீக்கிரம் கொடுக்கப்போகிறோம். இது நம் 'தர்றோம்' மாதிரி, இரண்டு பக்கமும் இழுபடும். 'வீ பெய்டு' என்றால் கொடுத்தோம். காரியம் முடிந்த காலத்தில் இருக்கிறது. 'வீ ஹாவ் பெய்டு' என்றால் கொடுத்திருக்கிறோம், அதன் பலன் இன்று நிற்கிறது, கணக்கு தீர்ந்தது.

கடைசி இரண்டுக்கும் நடுவில் ஓர் இலக்கண விதி இருக்கிறது. 'ஹாவ் பெய்டு' என்னும் வடிவம், முடிந்துபோன தேதி எதையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. 'ஐந்தாம் தேதி கொடுத்தோம்' என்று எழுத வேண்டுமானால் 'வீ பெய்டு ஆன் தி ஃபிஃப்த்' என்றுதான் எழுத வேண்டும். 'வீ ஹாவ் பெய்டு ஆன் தி ஃபிஃப்த்' என்று நம் ஊரில் பலர் எழுதுகிறார்கள், அது பிழை. பிழை என்பதைவிட முக்கியமானது வேறு. தேதி சொல்ல விருப்பமில்லாதவருக்கு 'ஹாவ் பெய்டு' நல்ல மறைப்பு. 'ஆல்ரெடி ஹாவ் பெய்டு சார்' என்று செய்தி வந்தால், 'எந்தத் தேதி, யு.டி.ஆர். எண் என்ன?' என்று உடனே கேளுங்கள். 'பெய்டு ஆன்' என்று தேதியோடு பதில் வந்தால் வங்கிக் கணக்கில் தேடலாம். மறுபடியும் 'ஹாவ் பெய்டு' என்றே வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

'ஹாட் பெய்டு' என்பது இரண்டு பழைய காரியங்களில் எது முந்தியது என்று காட்டுவது. ஆர்டர் ரத்து தகராறுகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. 'தி லாரி ஹாட் லெஃப்ட் வென் யுவர் மெசேஜ் கேம்' என்றால், உங்கள் செய்தி வருவதற்கு முன்பே லாரி போய்விட்டது. 'ஹாட்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'தி லாரி லெஃப்ட் வென் யுவர் மெசேஜ் கேம்' என்று எழுதினால், செய்தி வந்த பிறகு லாரி கிளம்பியது என்று படிக்க இடம் கொடுக்கிறது. வாபஸ் வாடகை யார் தலையில் என்பது அந்த ஒரு சொல்லில் தொங்கும்.

விற்பனையிலும் காலம் பேசுகிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே, சரக்கின் உரிமை இப்போதே மாறினால் அது விற்பனை என்றும், பின்னால் மாறுவதாக இருந்தால் அது விற்க ஒப்புக்கொள்வது மட்டும்தான் என்றும் பிரிக்கிறது. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் சரக்குக்கு வரும் சேதமும் உரிமையோடு சேர்ந்தே போகும். குடோனில் தனியே அடுக்கி, குறி போட்டு வைத்த 50 மூட்டை வெல்லத்தைக் காட்டி 'வீ ஹாவ் சோல்டு' என்று முடித்த பிறகு, வாங்கியவர் எடுத்துப்போகும் முன் மழையில் நனைந்தால் பேச்சு ஒரு மாதிரி. 'வீ ஷால் செல்' என்று மட்டும் எழுதியிருந்தால் பேச்சு வேறு மாதிரி. 500 மூட்டையில் ஏதோ 50 என்றால், அந்த 50 எது என்று பிரித்து ஒதுக்கும்வரை உரிமை மாறுவதில்லை.

'இஸ் டியூ', 'வாஸ் டியூ', 'வில் பே'

இந்தப் பாடத்தில் நான் அதிகம் நிற்க நினைக்கும் இடம் இது. பழைய பாக்கி உள்ளவர்கள் நிதானமாகப் படிக்கவும்.

சரக்குக் கொடுத்த பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடிவதற்கு முன், பாக்கிக்காரர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். 1963-ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இது. மார்ச் முடிவில் ஆடிட்டர் கேட்கிறார் என்று நாம் அனுப்பும் பாக்கி உறுதிக் கடிதத்துக்கு உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஒப்புக்கொள்வது என்றால், கடன் இப்போதும் உயிரோடு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நிற்கும் கடனைப் பற்றிய பேச்சாக அது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே 'இஸ் டியூ' என்றால் பாக்கி இருக்கிறது. 'வாஸ் டியூ' என்றால் பாக்கி இருந்தது. இருந்து பிறகு தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. கோர்ட் கடிதம் முழுவதையும் பார்த்துத்தான் முடிவு செய்யும் என்பது உண்மை. இருந்தாலும், அந்த வாசலைத் திறந்து வைப்பானேன்? பாக்கிக்காரருக்கு நாமே எழுதி அனுப்பும் படிவத்தில் 'இஸ் டியூ அண்ட் பேயபிள் பை அஸ்' என்று போட்டு, தேதியோடு கையெழுத்து வாங்கிவிடலாம்.

அவர் 'பாக்கி இருக்கிறது, ஆனால் இப்போது தரமுடியாது' என்று எழுதினாலும் கவலை வேண்டாம். ஒப்புதல், தரமறுக்கும் பேச்சோடு சேர்ந்து வந்தாலும் ஒப்புதல்தான் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 'இஸ் டியூ' என்பது கிடைத்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். அதன் பின்னால் வரும் 'கேனாட் பே நௌ' நம்மைச் சங்கடப்படுத்தலாம், கெடுவைக் கெடுக்காது.

சரி, 3 ஆண்டும் கடந்துவிட்டது. இப்போது அவர் 'இஸ் டியூ' என்று எழுதிக் கொடுக்கிறார். இது 18-ஆம் பிரிவுக்கு உதவாது. கெடு முடிந்த கடனுக்கு உயிர் வரவேண்டுமானால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி, தருகிறேன் என்று எழுத்தில் கையெழுத்தோடு வாக்குக் கொடுக்க வேண்டும். அதாவது கெடுவுக்குள் 'இஸ்' போதும். கெடு தாண்டினால் 'வில் பே' என்ற வாக்கே வேண்டும். நிகழ்காலம் செய்த வேலையை இங்கே எதிர்காலம்தான் செய்ய முடியும். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் இலக்கண வகுப்பில் யாரும் தூங்கியிருக்க மாட்டோம்.

'மே' என்ற 'லாம்'

தமிழில் 'செய்யலாம்' என்ற ஒரே சொல் அனுமதிக்கும் வரும், சாத்தியத்துக்கும் வரும். 'நீங்கள் போகலாம்', 'மழை வரலாம்'. ஆங்கிலத்தில் 'மே' என்பதும் அப்படித்தான். அதோடு விருப்பப்படி செய்யும் அதிகாரத்துக்கும் வரும். நம் கடைக்காரர்களுக்கு இதனால் ஏற்படும் நஷ்டம் பெரும்பாலும் கம்பெனி ஸ்கீமில்தான். 'தி கம்பெனி மே ரீப்ளேஸ் எக்ஸ்பயர்டு ஸ்டாக்' என்று ஒப்பந்தத்தில் இருக்கும். விற்பனைப் பிரதிநிதி அதையே, 'எக்ஸ்பயரி ஆனதைக் கம்பெனி மாத்திக் கொடுத்துடும் அண்ணாச்சி, பேப்பரிலேயே இருக்கு' என்று படித்துக் காட்டுவார். பேப்பரில் இருப்பது 'மாற்றித் தரலாம்'. தராமலும் இருக்கலாம். 'மே' இருந்தால் அது அவர்கள் இஷ்டம். 'ஷால்' அல்லது 'வில்' இருந்தால்தான் அவர்கள் கடமை. எங்கள் பஜாரில் ஒரு பலசரக்குக் கடைக்காரர், ஒப்பந்தத்தில் அந்த 'மே' என்பதை 'ஷால்' என்று திருத்தித் தந்தால்தான் கையெழுத்து என்று பிடிவாதமாக இருந்து வாங்கிவிட்டார். கேட்டால் கிடைக்காது என்று நாமே முடிவு செய்துகொள்வதுதான் வழக்கம்.

கடை வாடகை ஒப்பந்தத்திலும் இதே சொல் ஒளிந்திருக்கும். 'தி லீஸ் மே பி ரின்யூட் பை மியூச்சுவல் கன்சென்ட்' என்றால், இருவரும் சம்மதித்தால் நீட்டிக்கலாம் என்பதுதான். உள்ளே மர அலமாரிக்கும் ஷட்டருக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்யும் முன் இந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

'மே' என்றால் எப்போதும் இஷ்டம்தானா என்றால், அதுவும் இல்லை. செக் திரும்பிய வழக்குகள் பற்றிய சட்டத்தில் 2018-இல் இரண்டு புதிய பிரிவுகள் சேர்த்தார்கள். இரண்டிலும் 'மே' என்ற சொல்லே இருக்கிறது. ஒன்று 143-ஏ. வழக்கு நடக்கும்போதே, செக் தொகையில் 20 சதவீதத்துக்கு மேற்படாமல் இடைக்கால நஷ்டஈடு கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். மற்றொன்று 148. தண்டனை பெற்றவர் அப்பீல் போனால், கீழ்க்கோர்ட் விதித்த அபராதம் அல்லது நஷ்டஈட்டில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் கட்டச் சொல்லலாம். 148-இல் வரும் 'மே' பொதுவாக 'ஷால்' போலவே கொள்ளத்தக்கது, கட்டச் சொல்லாமல் விடுவதற்குத்தான் தனிக் காரணம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 143-ஏ பிரிவில் வரும் 'மே' அப்படியல்ல, அது கோர்ட்டின் விருப்புரிமையே என்று 2024-இல் சொன்னது. ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாகும் முன்பு ஒரு நியாயம், தீர்ப்பான பின்பு ஒரு நியாயம்; அதனால் ஒரே எழுத்துக்கு இரண்டு எடை. ஆகவே செக் வழக்குப் போட்டவுடன் 20 சதவீதம் கைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி, அதை வைத்துக் கொள்முதல் போட்டுவிட வேண்டாம்.

'ஷால்', 'ஷுட்'

நம் காலத்துப் பள்ளியில் 'ஐ ஷால், வீ ஷால், யூ வில், ஹி வில்' என்று மனப்பாடம் செய்தோம். தன்மைக்கு 'ஷால்', மற்றவர்க்கு 'வில்'; இது வெறும் எதிர்காலம். இடம் மாறி 'யூ ஷால்', 'ஹி ஷால்' என்று வந்தால் கட்டளை என்றும் வாத்தியார் சொல்லியிருப்பார். இன்றைய பேச்சில் எல்லாருக்கும் 'வில்' வந்துவிட்டது. சட்டமும் ஒப்பந்தமும் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. 'தி டெனன்ட் ஷால் பே' என்பது, குடியிருப்பவர் கொடுப்பார் என்ற ஜோசியம் அல்ல. கொடுத்தே தீர வேண்டும் என்பது. கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். அதில் 'ஷால்', 'வில்' இரண்டும் 'செலுத்துவார்' என்றே வந்து நிற்பதுண்டு.

செக் சட்டத்தின் 138-ஆம் பிரிவைப் பாருங்கள். தண்டிக்கப்படுவார் என்ற இடத்தில் 'ஷால்' இருக்கிறது. சிறை 2 ஆண்டு வரை, அபராதம் செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை என்ற இடத்தில் 'மே' இருக்கிறது. தண்டனை உண்டு என்பது நிச்சயம், எவ்வளவு என்பது கோர்ட்டின் கையில். செக் திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் தர 15 நாள் அவகாசம். அதிலும் தராவிட்டால் அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்த நாள்களைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தகைய வக்கீல் நோட்டீஸின் கடைசிப் பத்தியில் 'ஷுட் யூ ஃபெயில் டு பே' என்று ஆரம்பிக்கும். 'ஷுட்' என்றால் வேண்டும் என்று மட்டும் படித்தவர் குழம்புவார். பணம் கட்டத் தவற வேண்டும் என்றா வக்கீல் எழுதுவார்? வாக்கியத்தின் தலையில் நிற்கும் 'ஷுட்' என்பதற்கு 'ஒருவேளை நீங்கள் தவறினால்' என்று பொருள். இதுபோல் 'ஹாட் யூ பெய்டு' என்று தொடங்கினால் 'நீங்கள் கட்டியிருந்தால்', அதாவது கட்டவில்லை.

ஜி.எஸ்.டி. நோட்டீஸில் இன்னொரு 'ஷுட்' உண்டு. ஏன் இந்த வரியைச் செலுத்தக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டுங்கள் என்று கேட்கும் வாசகம் அது. அவசரத்தில் 'ஷுட் நாட் பே' என்ற மூன்று சொல் மட்டும் கண்ணில் பட்டு, கட்ட வேண்டியதில்லையாம் என்று காகிதத்தை ஆணியில் குத்தி வைத்தால் போயிற்று. அது பதில் கேட்கும் நோட்டீஸ். குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு உத்தரவு போட்டுவிடுவார்கள்.

நம் 'வேண்டாம்'

தமிழ் 'வேண்டாம்' ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். 'நீட் நாட்' என்றால் தேவையில்லை, செய்தாலும் குற்றமில்லை. 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. சப்ளையருக்கு 'இந்த வாரம் சரக்கு அனுப்ப வேண்டாம்' என்று சொல்ல நினைத்து 'யூ நீட் நாட் சென்ட்' என்று எழுதினால், அனுப்ப வேண்டிய அவசியமில்லை என்று படித்து, லாரியில் இடம் இருந்தது என்று அவர் அனுப்பியும் விடலாம். 'டூ நாட் சென்ட்' என்று நேராக எழுதுங்கள். 'மே நாட்' இன்னும் வழுக்கும். 'ஸ்டாக் மே நாட் பி அவெயிலபிள்' என்றால் இல்லாமலும் போகலாம்; 'கூட்ஸ் மே நாட் பி ரிட்டர்ண்டு' என்றால் திருப்பித் தரக்கூடாது. எது என்பதை இடம் பார்த்துத்தான் கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் வந்தால் தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

'உட்', 'குட்' இரண்டும் மரியாதைச் சட்டை போட்ட சொற்கள். 'குட் யூ கிளியர் தி பில்' என்பது கேள்வி மாதிரி இருக்கும், வசூல்தான். 'வீ உட் பே' என்று மட்டும் ஒருவர் எழுதினால், அதன் பின்னால் ஓர் 'இஃப்' இருக்கிறதா என்று தேடுங்கள். 'வீ உட் பே இஃப் தி குவாலிட்டி இஸ் குட்' என்பதில் பாதி வாக்கியம்தான் வாக்குறுதி.

கடைசியாக, லாரி ரசீதில் இருக்கும் 'ரிசீவ்டு இன் குட் கண்டிஷன்' என்ற வரி. யார், எப்போது என்று ஒன்றும் சொல்லாத வினை இது. அதன் கீழே கையெழுத்து விழுந்ததும், நல்ல நிலையில் பெற்றவர் நாம் என்று ஆகிவிடுகிறது. மூட்டை கிழிந்திருந்தாலும், எண்ணெய் டின் ஒழுகியிருந்தாலும், கையெழுத்துக்கு மேலே எத்தனை உருப்படி சேதம் என்று எழுதிவிட்டே போடுங்கள். இது முதல் வேலை. அடுத்து, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் லாரி கம்பெனிக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இதற்குப் போட்டிருக்கும் வினை 'ஹாஸ் பீன் சர்வ்டு'. கொடுப்போம் என்பதல்ல, கொடுத்தாகிவிட்டது என்று வழக்குக்கு முன்பே ஆகியிருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் அந்த நோட்டீஸின் நகலையும் தபால் ரசீதையும் பில்லோடு சேர்த்துக் குத்தி வைக்கச் சொல்லுங்கள்.